குட்டியின் வட்டிலில் என்ன விழ வேண்டும்?

சென்ற இதழில் நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான். கோவில்பட்டிப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகங்களில் 32 ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இப்போது சாயங்காலம் மட்டும் வீட்டில் பார்க்கிறேன். என் மேசைக்கு வருகிற குட்டிகளின் கோளாறில் பெரும்பங்கு தட்டில் தொடங்கியதுதான். பாசத்தில் போட்டதாகத்தான் இருக்கும், ஆனால் தப்பாகப் போட்டது. அதனால் இந்த இதழில் சாப்பாட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அம்பத்தூர் வாசகி: டாக்டர், எங்கள் லாப்ரடார் குட்டிக்கு மூன்று மாதம் முடிந்தது. 11 கிலோ இருக்கிறான். குட்டிகளுக்கான உலர் தீவனம் மூன்று வேளை, நடுவில் ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை. எலும்பு பலமாக வளர கால்சியம் டானிக் கொடுங்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். காலை மாலை 10 மில்லி கொடுக்கிறோம். இப்போது முன்னங்கால் பாதம் வெளிப்பக்கம் திரும்பினாற்போல் தெரிகிறது. டானிக்கைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம் அம்மா. இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

வளர்ந்த நாயின் குடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். ஐந்தாறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. கொடுத்ததில் ஏறக்குறைய பாதி, வேண்டுமோ வேண்டாமோ, ரத்தத்தில் சேர்ந்துவிடும். அந்த மிகுதி நீண்ட எலும்புகளின் முனையில் இருக்கும் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறுவதைக் கெடுக்கிறது. லாப்ரடார், ராட்வீலர், கிரேட் டேன் போன்ற பெரிய ஜாதிகளில் இது தோள் மூட்டிலும் முழங்கை மூட்டிலும் நொண்டலாக வந்து நிற்கும். நீங்கள் போடுகிற குட்டித் தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏற்கெனவே கணக்காகக் கலந்திருக்கிறது. அதன் மேல் டானிக் ஊற்றுவது அளவாக உப்புப் போட்ட குழம்பில் மறுபடி ஒரு கை உப்பை அள்ளிப் போடுகிற மாதிரி.

பாதம் திரும்பியிருப்பதை ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டி, அவர் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம். வழுக்குகிற டைல்ஸ் தரையில் ஓடும் குட்டிகளுக்கும் கால் அகன்று நிற்கும். ஒரு பழைய ரப்பர் பாயோ கோணிச் சாக்கோ விரித்துவிடுங்கள்.

அடுத்தது எடை. லாப்ரடார் வைத்திருக்கும் எல்லாருக்குமாகச் சொல்கிறேன், இதில் எனக்கு ஆதங்கமே உண்டு. "குண்டு குண்டு என்று அழகாக இருக்கிறான்" என்று கொஞ்சுகிறோம். அந்தக் கொழுப்பை அவன் இன்னும் முற்றாத இடுப்பு மூட்டில் சுமக்கிறான். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கூடப்பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைத்துப் போட்டு, சாகும்வரை கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவில், குறைத்துச் சாப்பிட்ட பக்கத்து நாய்களின் இடைநிலை ஆயுள் (அதாவது பாதி நாய்கள் தாண்டி வாழ்ந்த வயது) 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் ஒல்லியாக வளர்ந்தவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருட ஆயுள் அம்மா! எந்த டானிக்கும் அதைத் தராது.

சரி, எவ்வளவு போடுவது? பாக்கெட்டில் இருக்கும் அட்டவணையில் குட்டியின் வயதும், வளர்ந்தபின் வரக்கூடிய எடையும் போட்டிருப்பார்கள். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, டம்ளரால் அளக்காமல் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை கையால் பாருங்கள். உங்கள் இடது கையை மடக்கி முஷ்டி பிடித்து, விரல் முட்டிகள் மேல் வலது கை விரலை ஓட்டுங்கள். குட்டியின் விலா அப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. கையை நீட்டிப் புறங்கையில் விரலை ஓட்டுங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும். விலா அப்படி இருந்தால் அளவு சரி. உள்ளங்கையில் அழுத்துகிற மாதிரி மெத்தென்று இருந்தால் மறுநாளே பத்தில் ஒரு பங்கு தீவனத்தைக் குறையுங்கள். மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கித் தெரிய வேண்டும். பால் தேவையில்லை. முட்டை வாரம் இரண்டு மூன்று போதும், அதையும் அன்றைய தீவனத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்: ராஜபாளையம் குட்டி, 75 நாள். வேட்டை ஜாதி என்பதால் கறி மட்டும்தான் போட வேண்டும் என்கிறார்கள். தினமும் கோழிக்கறி வேகவைத்துப் போடுகிறேன். சரிதானா?

ஐயா, உங்களுக்குப் பதில் சொல்லுமுன் ஒரு குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி, நான்கு மாத ராஜபாளையம் குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, நல்ல வளர்த்தி. நடக்க மறுக்கிறது, தொட்டால் கத்துகிறது என்றார். முன்னங்கால் வில்லாக வளைந்திருந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து ஓர் ஊசி போட்டு, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினேன். என்ன போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தாம் நாள் அதே துண்டில் திரும்பி வந்தது. கயிற்றுக் கட்டிலிலிருந்து குதித்ததில் தொடை எலும்பு முறிந்திருந்தது. முழங்கால் உயரம்கூட வராத கட்டில் அது. அப்போதுதான் விசாரித்தேன். அவருடைய மைத்துனர் கறிக்கடை வைத்திருந்தார். பால் மறந்த நாளிலிருந்து அந்தக் குட்டி கறித்துண்டைத் தவிர வேறெதையும் தின்றதில்லை. பணமும் பாசமும் குறைவில்லாத வீடு.

கறியில் புரதம் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். ஒரு பங்கு கால்சியத்துக்குப் பதினைந்து இருபது பங்கு பாஸ்பரஸ் இருக்கும். குட்டிக்கு வேண்டியது பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் ஒன்றிலிருந்து இரண்டு பங்குக்குள். ரத்தத்தில் கால்சியம் இறங்கவிடாமல் காக்க, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். வெளியே கொழுகொழு என்று தெரிகிற குட்டிக்குள் எலும்பு முட்டை ஓடு போல மெலிந்துகொண்டே வரும். அம்பத்தூர் லாப்ரடாருக்குக் கால்சியம் கூடிப்போனது, இவனுக்கு இல்லாமல் போனது. இரண்டுமே காலில்தான் வந்து விடிந்தன.

அந்தக் குட்டியைச் சின்ன அறையில் அடைத்து வைத்து, சாப்பாட்டை மாற்றி, இரண்டு மாதத்தில் நடக்க வைத்தோம். வளைவு முழுசாகப் போகவில்லை. அன்று முதல் எந்தக் குட்டி மேசைக்கு வந்தாலும் வெப்பமானியை எடுக்குமுன் கேட்கிற கேள்வி, "நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டது?"

உங்கள் குட்டிக்குக் கோழிக்கறி கொடுங்கள், நிறுத்த வேண்டாம். அது சாப்பாட்டில் ஒரு பங்காக இருக்கட்டும். மீதியை எப்படிச் சேர்ப்பது என்று அடுத்த பதிலில் எழுதியிருக்கிறேன். இன்னொன்று: வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தட்டைத் தட்டி அழைத்தும் வராமல், தட்டைப் பார்த்தபின்தான் ஓடி வருகிறதா என்று கவனியுங்கள்.

திருநெல்வேலி, மேலப்பாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: தெருவில் தாய் இல்லாமல் கிடந்த நாட்டுக்குட்டியை எடுத்து வந்திருக்கிறோம் டாக்டர். இரண்டு மாதம் இருக்கும் என்கிறார்கள், 3 கிலோ. பெடிகிரி வாங்கிப் போட வசதியில்லை. வீட்டில் செய்வதையே போட்டு வளர்க்க முடியாதா? இப்போது இட்லி, சோறு, சாம்பார்தான் போடுகிறோம்.

முடியும் மகளே. எந்தக் கம்பெனித் தீவனத்தையும் பெடிகிரி என்றே நம் ஊரில் சொல்கிறோம். அது வருவதற்கு முன்பும் இங்கே நாய்கள் வளர்ந்தன. ஆனால் முன்பு தெருவிலும் தோட்டத்திலும் திரிந்து மீன் தலை, எலி, பூச்சி, கோழிக்குடல் என்று அவை தாமாகச் சேர்த்துக்கொண்டதை இப்போது வீட்டுக்குள் வளர்க்கும் நாம் யோசித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சாம்பாரை முதலில் நிறுத்து. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். கூடவே புளி. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் ஏன் செயலிழக்கிறது என்பது வெகுகாலம் புரியாமல் இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம் மிகுதி. புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றி 2022இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே சாம்பார், ரசம், புளிக்குழம்பு ஊற்றிய சோறு எதுவும் வேண்டாம்.

சோறு தப்பில்லை. மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிடப் பல மடங்கு பெருகிவிட்டன என்று 2013இல் கண்டறிந்தார்கள். ஆனால் சோறு வயிற்றைத்தான் நிரப்பும். சதைக்கும் எலும்புக்கும் வேறு வேண்டும். உங்கள் ஊருக்குத் தூத்துக்குடியிலிருந்து சாளை மீன் வருகிறது. விலை குறைவான மீன்களில் ஒன்று. அதை வைத்துச் செய்யலாம்.

100 கிராம் சாளையைத் தலையும் குடலும் நீக்கிக் கழுவி, உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் இல்லாமல், மீன் மூழ்கத் தண்ணீர் விட்டுக் குக்கரில் வை. சத்தம் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் விடு. தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும். ஆவி தானாக அடங்கியதும் ஒரு மீனை எடுத்து நடுமுள்ளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கு. சுண்ணாம்புக் கட்டி மாதிரிப் பொடிந்து விரலில் ஒட்ட வேண்டும். ஒரு முள்ளாவது குத்தினால் மறுபடி வேகவை. அப்படிப் பொடிகிற முள்ளில்தான் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து இருக்கின்றன. அந்தச் சதையில் வைட்டமின் டியும் உண்டு. நாய்க்கு நம்மைப் போல வெயிலில் நின்று தோலில் அதைத் தயாரித்துக்கொள்ளும் வசதி போதாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

மீனோடு குழைந்த சோறு 100 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, பரங்கிக்காயோ கேரட்டோ வேகவைத்து மசித்தது ஒரு கைப்பிடி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். முட்டை ஓட்டைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் முகப்பவுடர் மாதிரி நைசாக அரைத்து, அதில் கால் டீஸ்பூன் மட்டும். எல்லாவற்றையும் பிசைந்து நான்கு பங்காக்கி, காலை ஆறு, பதினொன்று, நான்கு, இரவு ஒன்பது என்று கொடு. இது 3 கிலோ குட்டிக்கு ஒரு நாளுக்கு. இந்த வயதில் அதற்கு 450 முதல் 480 கலோரி வரை வேண்டும். அதன் உடம்பு அளவுக்கு அது பெரிய நாய் தின்பதைப் போல இரு மடங்கு. எடை ஏற ஏற அளவைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு சின்னத் துண்டு கோழி ஈரல் சேர். அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ மிகுந்துவிடும்.

மீன் கிடைக்காமல் கோழி போடும் நாட்களில் முட்டை ஓடு கால்சியத்தைத் தரும், பாஸ்பரஸைத் தராது. துத்தநாகம், அயோடின், செம்பு போன்றவையும் வீட்டுச் சாப்பாட்டில் குறையத்தான் செய்யும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் குட்டியை எடை போட்டு, அந்த எடைக்கு எத்தனை கிராம் தாது உப்பு, வைட்டமின் என்று எழுதி வாங்கிக்கொள். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் அதே நாளில் கேட்டுவிடு. தெருக்குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்த ரத்தமாகப் பேதி போகும். சாப்பாட்டால் அதைத் தடுக்க முடியாது.

கும்பகோணம் வாசகி: எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. நான்கு மாதக் குட்டிக்குத் தயிர்சாதம்தான் பிரதானம். ஆசையாகச் சாப்பிடுகிறது. ஆனால் ரோமம் கொட்டுகிறது, வளர்த்தியும் குறைவு. குட்டிக்காக வீட்டு வழக்கத்தை மாற்ற முடியாது.

மாற்றச் சொல்ல மாட்டேன் அம்மா. உங்கள் வழக்கத்துக்குள்ளேயே பார்ப்போம்.

குட்டி சாப்பிடுகிற பொருளில் தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் குறைந்தது 22.5 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது இப்போது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. தயிர்சாதத்தில் அந்த அளவு தேறாது. ரோமம் என்பதே புரதம்தான், அதனால் பற்றாக்குறை முதலில் அங்கே தெரிகிறது.

நேர்வழி, வளரும் குட்டிகளுக்கான முழுச் சத்துள்ள உலர் தீவனம். சைவத்திலும் வருகிறது. ஆனால் 'வளர்ச்சிப் பருவத்துக்கு' என்று அதில் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும், 'வளர்ந்த நாய்க்கு' என்றிருந்தால் வேண்டாம். முட்டையை வீட்டுக்குள் அனுமதிப்பீர்களானால் பாதிக் கவலை தீர்ந்தது, தினமும் ஒன்று வேகவைத்துக் கொடுங்கள். பச்சையாக வேண்டாம். அதுவும் முடியாதென்றால் பனீர், சோயா உருண்டை, பாசிப்பருப்பு எல்லாம் புரதத்துக்கு உதவும். ஆனால் வைட்டமின் டி, பி12, துத்தநாகம் ஆகியவற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து வேண்டியிருக்கும். வீட்டுச் சமையலாலேயே முழுச் சைவமாக ஒரு குட்டியை வளர்ப்பது மிகக் கஷ்டம். முதல் ஒரு வருடமாவது தீவனத்தைத் தழுவிக்கொள்ளுங்கள். தயிர்சாதத்தை அதன் மேல் ஒரு ஸ்பூன் ஆசைக்கு வைக்கலாம்.

கேசரி, பாயசம், சர்க்கரைப் பொங்கல் கொடுக்கவே வேண்டாம். அதில் உலர் திராட்சை கிடக்கும்.

சேலம் வாசகர்: 40 நாள் குட்டி. பசும்பால் கொடுத்தால் பேதியாகிறது. தண்ணீர் கலந்து கொடுக்கலாமா?

தண்ணீர் கலந்தால் இருக்கிற சத்தும் போய்விடும். தாய்நாயின் பாலில் பசும்பாலைப் போல இரு மடங்கு புரதமும் கொழுப்பும் உண்டு, பால் சர்க்கரை குறைவு. பசும்பாலின் சர்க்கரை செரிக்காமல்தான் பேதி. நாற்பது நாளில் பால் கட்டாயமும் இல்லை. குட்டித் தீவனத்தை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கூழாகப் பிசைந்து கொடுங்கள். பேதி ஒரு நாளில் நிற்காவிட்டாலோ, வாந்தி சேர்ந்தாலோ, இரவென்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

சாத்தூர் வாசகர்: எங்கள் சிப்பிப்பாறைக் குட்டிக்கு ஏழு மாதம். நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாம் பட்டினி போடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

நம் கரிசல் காட்டு நாயைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி ஐயா. முயலுக்குப் பின்னால் வெட்டவெளியில் பறப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட உடம்பு அது. ஆழ்ந்த நெஞ்சு, ஏறிய வயிறு, தாள் மாதிரித் தோல். சிப்பிப்பாறைக்கும், கன்னி என்கிற நம் வேட்டை நாய் ஜாதிக்கும் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு. லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பட்டினியாகத் தெரிகிறது.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டுங்கள். ரம்பப் பல் போல ஒவ்வொரு முட்டியும் தனித்தனியாக நிற்கிறதா? இடுப்பு எலும்பின் இரண்டு முனையும் கூராகத் துருத்தி, நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதா? பின்தொடையை உள்ளங்கையால் பிடித்தால் கெட்டியாகச் சதை இருக்கிறதா? தொடை கெட்டியாக, முதுகில் இரண்டு பக்கமும் சதை மூடியிருந்தால் உங்கள் குட்டி நன்றாக இருக்கிறது. வருகிறவர்களிடம் தொடையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பக்கம் இந்த நாய்களுக்குக் கம்பங்கூழும் கேப்பைக்களியும் ஊற்றி வளர்த்தார்கள். கேப்பையில் கால்சியம் உண்டு, ஆனால் தானியத்தில் இயல்பாகவே இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் முழுதாகச் சேரவிடாது. களியோடு முட்டையோ மீனோ கறியோ கட்டாயம் இருக்கட்டும். இன்னொரு வேண்டுகோள். ஒரு வயது ஆகும்வரை மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓட விட்டுப் பழக்காதீர்கள். எலும்பின் வளரும் முனை இன்னும் மூடாத காலில் அடிபட்டு வந்த நல்ல நல்ல குட்டிகளைப் பார்த்துவிட்டேன்.

கோயம்புத்தூர் வாசகி: பொமரேனியன் குட்டி, ஐந்து மாதம். தீவனத்தைத் தொடுவதில்லை. பிஸ்கெட்டும், கையால் ஊட்டும் சிக்கனும்தான்.

பசித்தால் தின்னும் என்பதை அது இன்னும் கற்கவில்லை. நீங்கள் ஊட்டுவீர்கள் என்பதைக் கற்றுவிட்டது. பிஸ்கெட்டை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். மாவும் சர்க்கரையும்தான் அதில். தீவனத்தை இளஞ்சூட்டு நீரில் நனைத்தால் வாசனை கிளம்பும். 20 நிமிடம் வைத்து, தொடாவிட்டால் பேசாமல் எடுத்து, அடுத்த வேளைக்கு வையுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி உட்பட எல்லாரும் இதற்குச் சம்மதிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் வழிக்கு வரும். ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட சின்ன ஜாதிக் குட்டியிடம் இந்த முறை வேண்டாம். ஒன்றிரண்டு வேளை தவறினாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். உங்கள் குட்டியே ஆனாலும் முழு நாள் எதையும் தொடாமல் சோர்ந்து கிடந்தால், அடமென்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

திருச்சி வாசகர்: கடையில் இருபது வகைத் தீவனம் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையான உணவு என்ற வாசகம் வேண்டும். பெரிய ஜாதிக் குட்டி என்றால், வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டும் நாய்களுக்கும் ஏற்றது என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். புரதம் 22.5 சதவீதத்துக்குக் குறையாமல், கொழுப்பு 8.5க்குக் குறையாமல், கால்சியம் 1.2க்கு மேல். பெரிய ஜாதிக்கு அந்தக் கால்சியம் 1.8ஐத் தாண்டக் கூடாது. இவை ஈரம் நீக்கிய கணக்கு. உலர் தீவனத்தில் பத்து சதவீதம்தான் ஈரம் என்பதால் பெரிய வித்தியாசம் வராது. டின்னிலும் பையிலும் வரும் ஈரத் தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் 8 சதவீதம் புரதம் என்று பார்த்துவிட்டு ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்.

தானியமே இல்லாதது என்று அதிக விலைக்கு விற்பதற்கு ஓட வேண்டாம். பெரும்பாலான குட்டிகளுக்கு அரிசியோ சோளமோ எந்தக் கெடுதலும் செய்வதில்லை. 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய தீவனங்களுக்கும் நாய்களின் ஒரு வகை இதய வீக்கத்துக்கும் தொடர்புண்டா என்று விசாரிக்கத் தொடங்கியது. தொடர்பு உறுதியாகவில்லை. ஆனாலும் காரணமில்லாமல் எதற்கு?

கோணியைத் திறந்து வைத்து உதிரியாக நிறுத்து விற்பதை வாங்காதீர்கள். நம் வெயிலில் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் காறிவிடும். ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவுப் பையாக வாங்கி, அந்தப் பையோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

காரைக்குடி வாசகி: எவ்வளவு போட்டாலும் குட்டி வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது, உடம்பு ஏறவில்லை.

பூச்சிதான் முதல் சந்தேகம். உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும், கொக்கிப்புழு பால் வழியாக வரும். அதனால் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மாதம் வரைக்கும், பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதமும் கொடுக்க வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் போய் வெளுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிறது, அவசரம். காலை மலத்தைச் சின்ன டப்பியில் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் குட்டியின் கழிவை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள், இந்தப் புழுக்கள் அவர்களுக்கும் வரும்.

வேலூர் வாசகர்: குட்டிச் சாப்பாட்டிலிருந்து பெரிய நாய்ச் சாப்பாட்டுக்கு எப்போது மாற்றுவது?

பொமரேனியன், பக் மாதிரிச் சின்ன ஜாதிகளுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம். நாட்டு நாய்க்கு ஒரு வயது. லாப்ரடாருக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம், கிரேட் டேனுக்கு ஒன்றரை வயதிலிருந்து இரண்டு. கருத்தடை செய்திருந்தால் பசி கூடும், தேவை குறையும், அப்போதிருந்தே அளவைக் கவனியுங்கள். மாற்றும்போது பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியது கால் பங்கு, இரண்டு நாள் கழித்துப் பாதிக்குப் பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாளில் முடியுங்கள். அந்த வாரத்தில் பூச்சி மருந்து, தடுப்பூசி, வெளியூர்ப் பயணம் எதுவும் வேண்டாம். வயிறு போனால் எதனால் போனது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.